பூசணியில் முதலில் ஏன் ஆண் பூ?

ஜவ்வாது மலையில், சாமைக் கொல்லை ஓரமாக நாலு குழி எடுத்து நாட்டுப் பூசணி ஊன்றியிருந்தேன். ஆட்டு எரு தாராளம். கொடி நன்றாக ஓடியது. 45 நாளில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. ஒரு வாரம் பார்த்தேன், ஒன்றுகூடப் பிஞ்சு வைக்கவில்லை. எல்லாம் உதிர்ந்தது.

அடிவாரத்து மருந்துக்கடையில் கேட்டேன். "எத்ரல் அடிங்க, பெண் பூவா வரும்" என்று பாட்டிலை எடுத்து வைத்தார்கள். இத்தனை வருஷம் மருந்து வாங்காதவன், அன்று பையில் கை விட்டுவிட்டேன். அப்புறம் மனசு ஒப்பாமல், "யோசிச்சு வர்றேன்"னு சொல்லிவிட்டு மலையேறினேன்.

பக்கத்துக் கொல்லைப் பாட்டி சிரித்தார். "அவசரப்படாத தம்பி. மொதல்ல வர்றது ஆண்பூ. அது ஈயைக் கூப்பிட வருது. பிஞ்சோட பூவு பின்னால வரும்."

அவர் சொன்னது சரி. ஏன் சரி என்று தேடிப் படித்தேன்.

எந்தப் பூவிலும் பொதுவாக நாலு வட்டம் உண்டு: வெளியே புல்லி இதழ், அடுத்து இதழ், அடுத்து மகரந்தத்தாள், நடுவில் சூலகம். எந்த இடத்தில் எது வளர வேண்டும் என்று மூன்று வகை மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. 1991ல் என்ரிகோ கோயன், எலியட் மேயரோவிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு ஏ, பி, சி என்று பெயரிட்டு விளக்கினார்கள். ஏ மட்டும் வேலை செய்தால் புல்லி இதழ். ஏயும் பியும் சேர்ந்தால் இதழ். பியும் சியும் சேர்ந்தால் மகரந்தத்தாள். சி மட்டும் என்றால் சூலகம். சி தன் இடத்தில் வேலை செய்யாமல் போனால் மகரந்தத்தாள் வரவேண்டிய இடத்தில் இதழ் வரும். அடுக்கு ரோஜாவில் இதழ் கூடுவது இப்படித்தான்.

பூசணிக் குடும்பத்தில் இன்னொரு படி இருக்கிறது. மிகச் சிறிய மொட்டில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் இரண்டுமே தொடங்குகின்றன. பிறகு ஒன்று நின்றுபோகிறது. எது நிற்கும் என்பதில் ஹார்மோனுக்குப் பெரிய பங்கு. எத்திலீன் கூடினால் மகரந்தத்தாள் நின்று பெண் பூவாகும். பொதுவாக ஜிப்ரெலின் ஆண் பூவின் பக்கம் சாய்க்கும். எத்திலீனைத் தயாரிக்கும் ஒரு மரபணு பழுதானால் பெண் பூவில் மகரந்தத்தாளும் வளர்ந்துவிடுகிறது என்று 2008ல் முலாம்பழத்தில் கண்டார்கள்.

எத்திலீன் நமக்குப் புதுசு இல்லை. வாழைத்தாரைப் புகை மூட்டம் போட்டுப் பழுக்க வைக்கிறோமே, அந்தப் புகையில் இருப்பதும் இதே வாயுதான். எத்ரல் செடிக்குள் போய் எத்திலீனாக உடைகிறது. அதையும் 10 லிட்டருக்கு 2.5 மில்லி வீதம், விதைத்த 10-15 நாளில் தொடங்கி வாரம் ஒரு முறை நாலு தடவை அடிக்கத்தான் பரிந்துரை. விரிந்த ஆண் பூ எதை அடித்தாலும் பெண் பூவாகாது. எனக்கு 50ஆம் நாளில் விற்கப் பார்த்தார்கள்!

சரி, நாம் என்ன செய்யலாம்?

தழைச்சத்து மிகுந்தால் ஆண் பூ கூடும். என் ஆட்டு எருவும் ஒரு காரணமாக இருக்கலாம். மக்கிய எருவை அளவாகப் போடுங்கள்.

நீண்ட பகலும் கடும் வெயிலும் ஆண் பூவைக் கூட்டும். குறுகிய பகலும் குளிர்ந்த இரவும் பெண் பூவைக் கூட்டும். பட்டம் பார்த்து விதையுங்கள்.

பூ விடிகாலையில் விரிந்து, வெயில் ஏறுவதற்குள் மூடிவிடும். தேனீ குறைவாக இருந்தால் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பிஞ்சுள்ள பூவின் நடுவில் நீங்களே தடவுங்கள்.

விதையை மறக்காதீர்கள். சீக்கிரம் பெண் பூ வைத்து நிறையக் காய்த்த கொடியில் விதைக்காய் விடுங்கள். மரபணுவைத் தேர்ந்தெடுக்க நமக்குள்ள வழி அதுதான். வேறு ரகம் கலக்காமலிருக்க, மறுநாள் விரியப்போகும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் மாலையிலேயே நூலால் கட்டிவையுங்கள். காலையில் அவிழ்த்து, மகரந்தத்தைத் தடவி, பெண் பூவை மறுபடி கட்டிவிடுங்கள்.

பாட்டி சொன்னபடி ஒன்பதாம் நாள் முதல் பிஞ்சுப் பூ வந்தது. அந்தக் கொடியில் இரண்டு காயை முற்றவிட்டு விதை எடுத்தேன். பாதியைப் பாட்டியிடம் கொடுத்திருக்கிறேன்.