ஆளில்லாச் சீருடை

முதல் உலகப் போர்க்காலத்தில் உருதுவில் அச்சான ஆள்சேர்ப்புச் சுவரொட்டி ஒன்று, சீருடை, பணம், துப்பாக்கி ஆகியவற்றை மட்டும் காட்டி, இவற்றைப் பெறுபவர் யார் என்று வினவி, படையில் சேர்பவரே என விடையும் தந்தது. வீரனின் உருவம் இல்லாததால், பார்ப்பவன் அந்த வெற்றிடத்தில் தன்னையே பொருத்திக்கொள்ள நேர்ந்தது. 1914இல் ஆல்பிரட் லீட் வரைந்த, பிரித்தானியப் போர் அமைச்சர் கிச்சனரின் படமோ விரல் நீட்டிக் கடமையைச் சுட்டியது. அயலார் ஆட்சியிலிருந்த இந்தியாவில் ‘நாடு’ என்ற சொல் அவ்வளவு எளிதில் செல்லாது. ஆகவே இங்கு ஊதியமும் மதிப்பும் முன்னின்றன.

ஆனால் சென்னை மாகாணத்தாரை, சில சமூகத்தினரே போருக்கு உரியவர் என்று கருதிய ‘போர்க்குடிகள்’ கொள்கை பெருமளவு ஒதுக்கியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டதும் அது தளர்ந்து, மதராஸ் ரெஜிமெண்ட் என்ற படைப்பிரிவு மீண்டும் எழுந்தது. தள்ளிவைத்தவர்களையே வீரர்கள் என அழைத்த அந்த ஆள்சேர்ப்புக் குரல் நேர்மையானதன்று. மக்களைக் கேளாமல் பிரித்தானிய அரசு இந்தியாவைப் போரில் இழுத்ததை எதிர்த்து, இம்மாகாணத்தின் ராஜாஜி தலைமையிலான அமைச்சரவை 1939 அக்டோபரிலேயே பதவி விலகியிருந்தது.