உங்களுக்குத் தெரியுமா? – தென்னாப்பிரிக்காவின் சர்க்கரைக் கணக்கு

● தென்னாப்பிரிக்காவில் 2016-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், பெண்களில் 100-க்கு 68 பேர் அளவுக்கு மீறிய எடையோடு இருந்தார்கள். ஆண்களில் 31 பேர். அதே கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 27 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. தாய்க்குப் பருமன், பிள்ளைக்குச் சத்துக்குறைவு. இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். இதைப் போய் 'தின்று கொழுத்தது' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

● அதே 2016-ன் இறப்புப் பதிவுகளில், பெண்களின் உயிரைப் பறித்த நோய்களில் முதலிடம் சர்க்கரை நோய்க்கு.

● அந்நாட்டின் சொவேட்டோ பகுதித் தெருக்கடைகளில் 'கோட்டா' என்று கேட்டால், கால் பாகம் ரொட்டியைக் குடைந்து, சுடச்சுட உருளைக்கிழங்கு சிப்ஸை அடைத்து, போலோனி இறைச்சித் துண்டு, சீஸ் வைத்து, மேலே ஒரு கரண்டி 'அச்சார்' போட்டுத் தருவார்கள். எண்ணெய் மினுக்கும் அந்த மாங்காய் அச்சார், நம் ஊறுகாய்க்கு ஒன்றுவிட்ட சொந்தம்! ஒன்று தின்றால் மாலை வரை பசிக்காது. அதே காசுக்கு வாங்கும் பழம் எவ்வளவு நேரம் தாங்கும்?

● எய்ட்ஸ் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில், ஒருவர் இளைத்தாலே அக்கம்பக்கத்தில் சந்தேகம் கிளம்பிவிடும். உடம்பு பூசினாற்போல் இருந்தால்தான் நிம்மதி. எடையைக் குறைக்கச் சொல்லும் நர்ஸம்மா, இந்தப் பயத்துக்கும் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

● 2018 ஏப்ரலில் இனிப்புப் பானங்களுக்கு வரி வந்தது. 100 மில்லிக்கு 4 கிராம் சர்க்கரை வரை விலக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு கிராமுக்கும் அப்போது 2.1 சென்ட். 330 மில்லி கோலா டின் ஒன்றில் சுமார் 35 கிராம், அதாவது ஒன்பது டீஸ்பூன் சர்க்கரை. அதற்கான வரி அரை ராண்டை, அதாவது 50 சென்ட்டைக்கூடத் தொடவில்லை. இந்தச் சில்லறை வரிக்கே கம்பெனிகள் சர்க்கரையைக் குறைத்தன. நகர்ப்புற வீடுகள் வாங்கிய இந்தப் பானங்களில் ஒருவர் பங்குக்கு வரும் சர்க்கரை, நாளுக்குச் சுமார் 16 கிராமிலிருந்து 11-க்கு இறங்கியது. முதலில் பேசப்பட்டதோ 20 சதவீத வரி. வந்தது அதில் ஏறக்குறைய பாதிதான். முழுதாக வந்திருக்கலாமே என்று மனம் அடித்துக்கொள்கிறது.

● வேலை போய்விடும் என்று வரியை எதிர்த்தவர்களில் கரும்பு விவசாயிகளும் உண்டு. அவர்களின் முக்கிய வட்டாரம் குவாசுலு-நடால். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் போய் டர்பனில் இறங்கிய முதல் ஒப்பந்தக் கூலிகள் பாடுபட்டதும் அந்தக் கரும்புக் காடுகளில்தான். இன்று அந்நாட்டில் சர்க்கரை நோய் மிக அதிகமாகத் தாக்கியிருப்பது இந்திய வம்சாவளியினரை.