போல்ட் கேட்டவர் கம்பியின் கணக்கும் கேட்கிறார்

அண்மையில் எனது கடைக்கு ஓர் இளம் வியாபாரி வந்தார். ஐரோப்பாவுக்கு இரும்பு போல்ட், ஸ்குரூ செய்து அனுப்புபவர். "நானா, நான் சாமானுக்கு விலை அனுப்பினேன். அவர் கம்பிய எந்த மில்லில வாங்கின, அந்த மில் தொன்னுக்கு எவ்வளவு காபன் விட்ட எண்டு கேக்கிறார். இது என்ன புதுக் கூத்து?" என்றார்.

கூத்தல்ல, கட்டணம். 2019 நவம்பரில் ஐரோப்பியப் பாராளுமன்றம் காலநிலை அவசரநிலையைப் பிரகடனம் செய்தது. 1990 ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2030 க்குள் வெளியேற்றத்தை 55 சதவீதம் குறைக்க வேண்டும் என 2021 இல் சட்டமும் இயற்றினார்கள். அங்குள்ள பெரிய தொழிற்சாலைகள் 2005 முதலே, வெளிவிடும் ஒவ்வொரு தொன் காபனுக்கும் அனுமதிப்பத்திரம் காட்ட வேண்டும். எங்களுக்கு மட்டும் செலவு, வெளிநாட்டுச் சரக்குக்கு இல்லையா என்று அவர்கள் கேட்பது நியாயம்தானே? அதற்குப் பதிலாக வந்ததே எல்லையில் அறவிடும் காபன் கட்டணம். 2023 ஒக்டோபரில் விபரம் கொடுப்பதோடு ஆரம்பித்தது. 2026 ஜனவரி முதல் வரும் சரக்குக்குக் காசு கட்ட வேண்டும்.

இரும்பு, உருக்கு, அலுமினியம், சீமெந்து, பசளை, ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவையே பட்டியலில் உள்ளவை. தேயிலை, ஆடை, கறுவா அனுப்புவோர் இதற்காகப் பயப்படத் தேவையில்லை. ஆனால் போல்ட், ஸ்குரூ பட்டியலில் உண்டு. பிரித்தானியாவும் 2027 ஜனவரியிலிருந்து இப்படியொன்றை அறவிடப்போவதாக அறிவித்திருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். ஊதுலையில் செய்த ஒரு தொன் உருக்குக்கு ஏறத்தாழ 2 தொன் காபனீரொட்சைட்டு வெளியாகிறது. காபன் விலை தொன்னுக்கு 70 யூரோ என்று வைத்துக்கொண்டால் 140 யூரோ. எடுத்த எடுப்பில் இவ்வளவும் வராது. ஐரோப்பிய மில்களுக்கு ஒரு பகுதி அனுமதி இலவசமாகக் கிடைப்பதால், அந்தச் சலுகையை நமது சரக்குக்கும் கழிப்பார்கள். அது 2026 இல் 2.5 சதவீதமும் 2030 இல் 48.5 சதவீதமும் வெட்டப்பட்டு, 2034 இல் இல்லாமலே போகிறது. பழைய இரும்பை மின் உலையில் உருக்கிச் செய்த கம்பி என்றால் காபன் மிகக் குறைவு. விபரமே கொடுக்காவிட்டால் அவர்கள் நிர்ணயித்த அளவை, அதற்கு மேலும் கூட்டித்தான் போடுவார்கள்.

கட்டணம் கட்டுபவர் அங்குள்ள இறக்குமதியாளர். அந்தக் காசு கடைசியில் யாருடைய விலையில் கழியும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வருடத்துக்கு 50 தொன் வரை விலக்கு உண்டு என்று கேள்விப்பட்டுச் சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த 50 தொன் நமக்குரிய அளவல்ல. இறக்குமதியாளர் எல்லோரிடமும் வாங்கும் பட்டியல் பொருட்களின் மொத்தம். நாம் 5 தொன் அனுப்பினாலும், அவர் வேறிடத்தில் 60 தொன் வாங்கினால் நமது 5 தொன்னும் கணக்கில் வரும்.

நமது நாட்டிலும் 2019 இல் வாகனங்களுக்குக் காபன் வரி வந்தது ஞாபகமிருக்கும். அவ்வருட இறுதியில் ஆட்சி மாறியதும் நீக்கினார்கள், நாமும் சந்தோஷப்பட்டோம். இதை அப்படி நீக்க கொழும்பில் எந்த அமைச்சராலும் முடியாது. உற்பத்தி செய்த நாட்டிலேயே அந்தப் பொருளின் காபனுக்கு விலை கட்டியிருந்தால் அதை ஐரோப்பாவில் கழிக்கலாம். நாம் அறவிடாத பணம் அவர்களுடைய கஜானாவுக்குப் போகிறது. இதை நமது வர்த்தக சங்கங்கள் பேச வேண்டும் என்பது எனது எண்ணம்.

வந்த இளைஞரிடம் கம்பி வாங்கிய பில்லைக் கேட்டேன். புறக்கோட்டையில் ஓர் இடைத்தரகரிடம் வாங்கியது. எடை இருக்கிறது, விலை இருக்கிறது, மில்லின் பெயர் இல்லை. அடுத்த முறை மில் சேர்ட்டிபிகட் இல்லாமல் ஒரு கட்டும் எடுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். ஏற்கெனவே கப்பலேற்றிய சரக்குக்கு என்ன பதில் எழுதுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.