தூண்டிலுக்கு எமன் உப்பு!

தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று வேலூரைக் கிண்டல் செய்வது பழைய வழக்கம். அந்த லிஸ்ட்டில் இன்னொன்றையும் சேர்க்கலாம். கடல் இல்லாத ஊரில் கடல் தூண்டில் ஆசை! லாங் பஜாரில் மளிகை மூட்டைகளுக்கு நடுவே நின்றபடி, 'ஞாயித்துக்கிழமை சென்னைப் பக்கம் கோவளம் போறோம், கொடுவா பிடிக்கிறோம்' என்று பிளான் போடும் ஆபீஸ் நண்பர்களை நிறையப் பார்த்தாயிற்று. ஆசை தப்பில்லை. முதல் வாரமே சம்பளத்தில் பாதியை ராடுக்கும் ரீலுக்கும் அழுதுவிட்டு, ரெண்டாவது மாதம் துருப்பிடித்த ரீலோடு முழிப்பதுதான் கொடுமை.

ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு உப்பைப் பற்றிப் பாடம் வேண்டாம். பச்சைத் தோலை அழுகாமல் காப்பதே அதுதான். தோல் தொழிற்சாலைக்குள் வந்ததும் முதல் வேலை, ஊறப்போட்டு அந்த உப்பை வெளியேற்றுவது. தோலைக் காப்பாற்றும் அதே உப்பு ரீலைத் தின்றுவிடும். அதனால் கையில் மூவாயிரம் இருந்தால் பெரும் பங்கை ரீலுக்குக் கொடுங்கள். ராடு சுமாராக இருந்தாலும் மீன் மாட்டும்.

கடைக்காரர், "தம்பி, இதுல பதிமூணு பேரிங்கு!" என்பார். மயங்காதீர்கள். மலிவு ரீலில் பேரிங் கூடினால் துருப்பிடிக்கும் இடமும் கூடியது என்று அர்த்தம். "பாய், கொஞ்சம் சுத்திப் பாக்கட்டா?" என்று கைப்பிடியைப் பிடியுங்கள். ஆட்டம், கரகரப்பு இருந்தால் அப்படியே திருப்பிக் கொடுங்கள். நரம்பை இழுத்தால் டிராக் திக்காமல், ஒரே சீராக விட்டுக்கொடுக்க வேண்டும். நரம்பு உரசிப் போகும் சின்ன ரோலர் சுழல வேண்டும். அது நின்றால் நரம்பு அறுந்துபோகும். கரையிலிருந்து வீச 4000 சைஸ் போதும்.

இந்த வகை ரீலுக்கு 1905-ல் காப்புரிமை வாங்கிய இல்லிங்வொர்த், இங்கிலாந்தில் கம்பளி நூற்பாலைக்காரர். சைக்கிள் பார்ட்ஸ் செய்த ஜப்பான் ஷிமானோ, 1970-ல் ரீலுக்கு வந்தது. மீனவர் அல்லாதவர்களுக்கும் இதில் இடம் உண்டு!

ராடு எட்டு அடி போதும். கைப்பிடிக்கு மேலே 15-40 கிராம் என்பது போல எழுதியிருக்கும். அந்த எடைக்குள்தான் வீச வேண்டும். மடக்குத் தொலைநோக்கி மாதிரி உள்ளே இழுக்கும் ராடு பஸ்ஸுக்கு வசதிதான். ஆனால் மூட்டுக்குள் மணல் போனால் மல்லுக்கட்ட வேண்டும். என் ஓட்டு இரண்டு துண்டாகக் கழற்றும் ராடுக்கு. ஃபைபர் கனம், ஆனால் கூட்டத்தில் இடிபட்டாலும் தாங்கும். கார்பன் லேசு, அடிபட்டால் கீறல் விடும். இன்னொன்று, கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். வானம் முழங்கினால் ராடைக் கீழே போட்டுவிட்டுக் கரையேறுங்கள். மீன் நாளைக்கும் இருக்கும்.

பி.காமில் தேய்மானம் என்று படித்தோமே, அது இங்கே வருஷக் கணக்கில் வருவதில்லை. ராத்திரிக்கு ராத்திரி வரும். வீடு திரும்பியதும் டிராக்கை இறுக்கி, நல்ல தண்ணீரை மெதுவாகத் தெளித்துக் கழுவுங்கள். பக்கெட்டில் முக்க வேண்டாம். பைக் கழுவுவது போலப் பீய்ச்சவும் வேண்டாம். உப்பு உள்ளே போய்விடும். துடைத்து, நிழலில் காயவைத்து, டிராக்கைத் தளர்த்தி, கைப்பிடிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் வேலை முடிந்தது. பத்து நிமிஷம். வீட்டில், "மீன் எங்கே?" என்று கேட்பார்கள். அதற்கு மட்டும் எந்தக் கடையிலும் ஸ்பேர் பார்ட் கிடையாது!