ஆடு சதை போட ஊசி வேண்டாம்... நெற்று போதும்!

செவ்வாய்க்கிழமை என்றாலே நெல்லை மேலப்பாளையம் ஆட்டுச்சந்தை களைகட்டும். பக்ரீத், தீபாவளி நெருங்கினால் கேட்கவே வேண்டாம். எடைக்கு ஏற்ற விலை என்பதால், ‘சீக்கிரம் சதை போட மருந்து உண்டா?’ என்று வளர்ப்பவர் யோசிப்பார். ‘ஊசி போட்ட ஆடோ?’ என்று வாங்குபவர் தயங்குவார்.

வளர்ச்சி ஹார்மோன் மாத்திரையை காதுத் தோலுக்கு அடியில் பதிக்கும் வழக்கம் அமெரிக்காவில் மாடுகளுக்கு சகஜம். அங்கே செம்மறிக்கும் அனுமதி உண்டு, வெள்ளாட்டுக்கு இல்லை. ஐரோப்பிய நாடுகளோ 1989 முதல் அப்படி வளர்த்த இறைச்சியை உள்ளேயே விடுவதில்லை.

ஹார்மோன் ‘சதை வை’ என்று உடம்புக்கு உத்தரவு போடும். அதற்குப் புரதம் வேண்டுமே! தானியமும் பிண்ணாக்கும் தின்னும் கொட்டில் மாட்டுக்கு அது கிடைக்கும். சித்திரை வெயிலில் காய்ந்த காட்டில் மேயும் ஆடு எங்கே போகும்?

புரதம் குறைந்தால் வெள்ளாடு தானே தேடும். அமெரிக்காவின் யூட்டா வறள் நிலத்தில் ஆய்வாளர் பிரெட் புரோவென்சா இதைக் கண்டார். குளிர்காலத்தில் புதர்க்குச்சியை மட்டும் தின்ற ஆடுகள் மெலிந்தன. ஒரு மந்தை மட்டும் காட்டெலிக் கூடுகளைத் தின்னத் தொடங்கியது. எலியின் சிறுநீர் ஊறிய அந்தச் செத்தையில் நைட்ரஜன் இருந்தது. ஆட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் அதைப் புரதமாக்கின. அந்த மந்தை மற்றவற்றைவிடத் தேறி நின்றது!

நம்ம சங்கரன்கோவில், கோவில்பட்டி பக்கத்துக் கன்னி ஆடும் லேசுப்பட்டதல்ல. கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு என்றால் பால்கன்னி; கோடு செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. பின்னங்காலில் நின்று உடைமரக் கொழுந்தைப் பறிக்கும். துவர்ப்பு மிஞ்சினால் அடுத்த செடிக்குத் தாவும். கோடையில் கீழே உதிர்ந்த நெற்றைப் பொறுக்கும். எதைத் தின்னலாம் என்பதைக் குட்டி தாயிடமே கற்றுக்கொள்கிறது.

ஆகவே, தேடும் தீனியைக் கிடைக்கச் செய்வதே வளர்ப்பவரின் வேலை. வேல நெற்று உதிரும்போது சேர்த்துவைத்து, மேய்ச்சல் குறைந்த நாளில் மாலையில் கொடுங்கள். வரப்பில் அகத்தி, வேலிமசால் போடுங்கள். கடலைக்கொடியை வீணாக்காதீர்கள். குடற்புழு இருந்தால் நல்ல தீனியும் உடம்பில் ஒட்டாது. மருந்தும் அளவும் கால்நடை மருத்துவரைக் கேட்டே கொடுங்கள். நெல்லைக்காரர்களுக்கு ராமையன்பட்டியிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இப்படித் தேறிய ஆட்டைச் சந்தையில் நிறுத்தினால், ‘ஊசி போட்டதா?’ என்ற கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லலாம்.