கயிறு அவிழ்ந்த நாய்களின் சபை

நியூயார்க் மாநகரின் மன்ஹாட்டன் தீவில், கிழக்கு வில்லேஜ் என்று வழங்கும் பகுதியில், ஏ அவென்யூவுக்கும் பி அவென்யூவுக்கும் நடுவே, ஏறத்தாழ பத்தரை ஏக்கர் பரப்பில் டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்கா அமைந்திருக்கிறது. 1966ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பக்திவேதாந்த சுவாமி பிரபுபாதர் தம் சீடர்களுடன் கூடி ஹரே கிருஷ்ண சங்கீர்த்தனம் செய்தது இந்தப் பூங்காவின் எல்ம் மரம் ஒன்றின் நிழலில்தான். அந்த மரத்தைத் தரிசிக்க வருகிறவர்கள் இன்றும் உண்டு. அப்படி வருகிறவர்கள் இன்னும் சற்று தூரம் நடந்து, அதே பூங்காவுக்குள் வேலியிட்டுத் தனியே ஒதுக்கியிருக்கும் மற்றோர் இடத்தையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது என் விருப்பம். கயிற்றிலிருந்து அவிழ்த்துவிடப்பட்ட நாய்கள் தம் இஷ்டப்படி ஓடியாடுவதற்கென்று நியூயார்க் நகரப் பூங்காக்களில் முதன்முதலாக ஏற்பட்ட மைதானம் அது, 1990இல் திறக்கப்பட்டது. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் 1979இலேயே இத்தகைய நாய்ப் பூங்கா ஒன்று தோன்றிவிட்டது என்றாலும், ஜன நெருக்கடி மிகுந்த ஒரு பெருநகரின் நடுவில் இதன் அவசியம் என்ன என்பதை டாம்ப்கின்ஸ் சதுக்கம்தான் தெளிவாகக் காட்டுகிறது.

அடுக்குமாடி வீடுகளில் வளரும் நாய்க்கு வெளியுலகம் என்பது பெரும்பாலும் நடைபாதையும், அதன் கழுத்திலிருந்து எஜமானரின் கைவரை நீளும் வாரும்தான். பொது இடங்களில் அந்த வார் ஆறடிக்கு மேற்படக் கூடாது என்பது நியூயார்க்கில் சட்டம். வண்டிகள் விரையும் தெருவில் இந்த விதி வேண்டியதே. ஆயினும், ஒன்றையொன்று அறியாத இரண்டு நாய்கள் சுயேச்சையாகச் சந்திக்குமானால், முகத்துக்கு முகம் நேரே வருவதில்லை. சற்று வளைந்து, பக்கவாட்டில் அணுகி, முகர்ந்து பார்த்து, போதும் என்று தோன்றியதும் விலகிச் செல்கின்றன. இழுத்துப் பிடித்த வாரின் நுனியில் வளைந்து வரவும் இடமில்லை, விலகிப் போகவும் வழியில்லை. மார்பை முன்தள்ளிக் கழுத்தை நிமிர்த்தி நிற்கும்படி வாரே நாயை நிறுத்திவிடுவதால், எதிரே வரும் நாய் அதைச் சண்டைக்கு அழைப்பாகக் கொள்வதும், உறுமலும் குரைப்பும் கிளம்புவதும் நடைபாதையில் அன்றாடக் காட்சி. அதே இரண்டு நாய்கள் வேலிக்குள் வார் அவிழ்ந்த நிலையில் சந்திக்கும்போது, பெரும்பாலும் எவ்விதக் கலகமுமின்றித் தம் மரியாதைகளைச் செய்து முடித்துவிடுகின்றன.

அந்த மரியாதைகளில் முதலாவது முகர்தல். மைதானத்தின் வாயிலில் இரண்டு கதவுகள் இருக்கின்றன. வெளிக்கதவைச் சாத்திய பின்பே உட்கதவைத் திறக்க வேண்டும். உட்கதவு திறந்ததும், ஏற்கெனவே உள்ளே இருக்கும் நாய்கள் புதிதாக வந்ததைச் சூழ்ந்துகொண்டு அதன் வாலடியில் மூக்கை வைக்கின்றன. பார்த்து நிற்கும் மனிதர்களில் சிலர் கூச்சப்பட்டு நாயை இழுத்துவிடுகிறார்கள். அது பெரிய தவறு என்பது என் அபிப்பிராயம். குதத்தின் இருபுறமும் உள்ள சிறு சுரப்பிகளின் வாசனை ஒவ்வொரு நாய்க்கும் பிரத்தியேகமானது. ஆணா பெண்ணா, முன்பே பரிச்சயமானதா அந்நியமா என்பதையெல்லாம் நாய் அறிந்துகொள்வது அங்கேதான். மனிதனின் நாசியில் வாசனையை உணரும் உயிரணுக்கள் சுமார் 60 லட்சம் என்றால், நாயின் நாசியில் அவை 20 கோடி முதல் 30 கோடி வரை இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். ஒரு விநாடிக்கு ஏறக்குறைய ஐந்து முறை காற்றை உள்ளிழுத்து முகரும் அந்த மூக்கில், வெளிவிடும் மூச்சு துவாரங்களின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியாகப் பின்னோக்கிச் சென்றுவிடுவதால், முன்னால் உள்ள வாசனை கலைந்து போவதில்லை. இவ்வளவும் போதாதென்று, மேல்வரிசை முன்பற்களுக்குப் பின்னால் சிறு துவாரமாகத் திறக்கும் ஜேகப்சன் உறுப்பு என்ற தனி இந்திரியமும் இருக்கிறது.

வேலி ஓரத்துக் கம்பங்களில் சிறுநீர் கழிப்பதும் இந்தச் சம்பாஷணையைச் சேர்ந்ததே. உருவத்தில் சிறிய ஆண் நாய்கள் தம் உயரத்துக்குத் தகுந்ததைவிட அதிகமாகக் காலைத் தூக்கி, அடையாளத்தைக் கூடியமட்டும் உயரத்தில் பதிக்கின்றன என்று கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். பின்னர் வந்து முகரும் நாய், கழித்துச் சென்றது உண்மையில் இருப்பதைவிடப் பெரிய நாய் என்று எண்ணக்கூடும் என்பது அவர்களுடைய விளக்கம்.

முகர்தல் முடிந்தால் விளையாட்டு தொடங்குகிறது. இந்த மைதானத்தில் நான் மிகவும் ரசிப்பதும் அதைத்தான். பழுப்பு நிறத்தில் பெரிய நாய் ஒன்று திடீரென்று முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, முழங்கை மண்ணில் படப் பணிந்து, பின்புறத்தை மட்டும் உயரத் தூக்கி ஒரு கணம் அப்படியே நிற்கிறது. எதிரே நிற்கும் கறுப்பு நாயும் அவ்வாறே பணிகிறது. மறுகணம் இரண்டும் பாய்ந்து ஒன்றையொன்று கழுத்தில் கவ்விப் புரளுகின்றன. சற்றுப் பொறுத்துப் பார்த்தால், பலசாலியான பழுப்பு நாய் தானாகவே மல்லாந்து விழுந்து, கறுப்பு நாய் தன்மேல் ஏறி நிற்க இடம் கொடுப்பதையும் காணலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் பெகாஃப், 1995இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இந்த வணக்கம் ஏதோ ஒரு சமயத்தில் நிகழ்வதன்று என்று நிறுவினார். கவ்விய பின் தலையை இப்படியும் அப்படியும் உலுக்கும் கடி, வேட்டையிலும் சண்டையிலும் உள்ள கடியையே ஒத்தது. அப்படிக் கடிப்பதற்குச் சற்று முன்னரோ பின்னரோ நாய்கள் இந்த வணக்கத்தைச் செய்வது வழக்கம். விளையாட்டாகவே கடித்தேன், விளையாட்டாகவே கடிக்கப் போகிறேன் என்ற உறுதிமொழியாகவே அது பயன்படுகிறது. பிற்பாடு அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ், நாய்களின் விளையாட்டைப் படம்பிடித்து மிக மெதுவாக ஓட்டிப் பார்த்து, 2009இல் இன்னும் நுட்பமான ஒரு விஷயத்தை வெளியிட்டார்: எதிராளி தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாய் பெரும்பாலும் இந்த வணக்கத்தைச் செய்கிறது, அது முகம் திருப்பி நின்றால், முதலில் இடித்தோ குரைத்தோ மெல்லக் கடித்தோ அதன் கவனத்தை ஈர்க்கிறது. பார்க்காதவனுக்குச் சைகை காட்டிப் பயனில்லை என்பதற்கு இசைய நாய் நடந்துகொள்கிறது என்பது சாமானியமான செய்தியன்று.

வாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆடும் வாலெல்லாம் மகிழ்ச்சியைக் குறிப்பதன்று. இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் 30 நாய்களை வைத்துச் செய்து 2007இல் வெளியிட்ட சோதனையில், எஜமானரைக் கண்டபோது வால் நாயின் வலப்பக்கமாக அதிகம் சாய்ந்து ஆடியது; முன்பின் அறியாத, அதிகாரம் காட்டும் நாயைக் கண்டபோது இடப்பக்கமாக அதிகம் ஆடியது. மூளையின் இரண்டு பாதிகளும் உணர்ச்சிகளைப் பங்கிட்டுக்கொண்டிருப்பதே இதற்குக் காரணம் என்றார்கள்.

இத்தனை சிறப்புகளைச் சொன்னபின், எல்லா நாய்களுக்கும் இந்த இடம் சொர்க்கம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. திருவிழாக் கூட்டத்தில் தாயின் சேலைத் தலைப்பை விடாமல் பற்றி நிற்கும் குழந்தையைப் போல, எஜமானரின் கால்களுக்கிடையே புகுந்து, முதுகைக் கூனி, வாலை ஒடுக்கி நிற்கும் நாய்கள் இங்கேயும் உண்டு. கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் நடந்து 2013இல் வெளிவந்த ஆராய்ச்சியில், நாய்ப் பூங்காவில் இருந்த நாய்களின் உமிழ்நீரை எடுத்து, சரீரம் நெருக்கடிக்கு உள்ளாகும்போது சுரக்கும் கார்ட்டிசாலை அளந்து பார்த்தார்கள். கூனிய நிலையில் அதிக நேரம் நின்ற நாய்களிடம் அதன் அளவு கூடுதலாக இருந்தது. பழகிவிடும் என்று சொல்லி அத்தகைய நாயைக் கூட்டத்தின் நடுவே தள்ளுவதை நான் கொடுமை என்றே சொல்வேன்.

குட்டிகளைப் பற்றிய எச்சரிக்கை இதனினும் முக்கியம். மேய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரில் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் ஸ்காட்டும் ஜான் புல்லரும் 1965இல் வெளியிட்ட நூலில், நாய்க்குட்டி பிற உயிர்களோடு இணங்கி வாழக் கற்கும் பருவம் ஏறக்குறைய மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டாவது வாரத்தோடு முடிகிறது என்று காட்டினார்கள். தடுப்பூசிகள் முற்றுப்பெறாத பருவமும் அதுவே. ஆகவே பூங்காவுக்கு வரத் தகுதி பெறும் முன்பே, வீட்டிலும் நண்பர்களின் ஆரோக்கியமான நாய்களிடமும் அந்தப் பாடத்தை ஆரம்பித்துவிட வேண்டும்.

மண்ணில் மறைந்திருக்கும் ஆபத்தும் கற்பனையன்று. அமெரிக்காவின் 30 பெருநகர்ப் பகுதிகளில் 288 நாய்ப் பூங்காக்களுக்கு வந்த 3006 நாய்களின் மலத்தை 2019இல் சேகரித்துச் சோதித்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒரு நாயிடம் குடற்புழுவோ ஜியார்டியா போன்ற கிருமியோ இருப்பது தெரியவந்தது. அத்தகைய நாய் ஒன்றாவது வந்துபோன பூங்காக்கள் நூற்றுக்கு 85. உருண்டைப் புழுவின் முட்டை, மலத்தோடு வெளியேறியவுடனே நோய் தருவதில்லை. மண்ணில் சில வாரங்கள் கிடந்து முதிர்ந்த பின்பே தொற்றும் வல்லமை பெறுகிறது, பிறகு ஆண்டுக்கணக்கில் மடியாமல் கிடக்கிறது. எஜமானரே நாயின் மலத்தை உடனுக்குடன் அள்ள வேண்டும் என்று 1978இல் நியூயார்க்கில் அமலுக்கு வந்த சட்டத்துக்குச் சாஸ்திர ரீதியான பலம் இங்கே இருக்கிறது.

இத்தகைய மைதானத்துக்கு நாயை அழைத்துச் செல்லும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, நாயைக் கண்கொண்டு பாருங்கள். இரண்டு நாய்கள் புரளுவது விளையாட்டா வம்பா என்று சந்தேகம் தோன்றினால், மேலே ஏறி நிற்கும் நாயைக் கழுத்துப்பட்டையால் மெல்லப் பிடித்துச் சில விநாடிகள் நிறுத்துங்கள். கீழே கிடந்த நாய் எழுந்து உடம்பை உலுக்கிக்கொண்டு மறுபடி அதனிடமே திரும்பி வருமானால், பிடித்ததை விட்டுவிடலாம். வாலை ஒடுக்கிக்கொண்டு அப்பால் போகுமானால், அன்றைய விளையாட்டை அத்துடன் முடித்து, அதை வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்.