அபராதத்தோடு முடியாத வழக்கு

பார்க் எக்ஸ்டென்ஷனிலும் கோட்-டெ-நெய்ஜிலும் நம்மவர்கள் பலர் பத்துப் பதினைந்து வருடமாக நிரந்தர வதிவிட அட்டையோடே காலம் தள்ளுகிறோம். வாக்குப் போடத்தானே குடியுரிமை, பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறோம். குற்றப் பதிவு ஒன்று வரும்போதுதான் இரண்டுக்கும் உள்ள தூரம் தெரிகிறது.

பாரதூரமான குற்றவியல் வழக்கொன்றில் குற்றவாளியாகக் காணப்பட்டால், அதிலிருந்து 4 ஆண்டுகளுக்குக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியாது. 2014 திருத்தத்துக்கு முன் இது 3 ஆண்டுகள். வழக்கு நடந்துகொண்டிருந்தாலும் தடைதான். ஊரிலோ வேறு நாட்டிலோ வந்த தீர்ப்பும், இங்கே அது அதே வகைக் குற்றமாக இருந்தால், கணக்கில் சேரும். சிறையிலிருந்த நாட்கள் தேவையான 1,095 நாட்களில் சேராது.

காத்திருப்பதோடு போனால் பரவாயில்லை. வதிவிட உரிமையே பறிபோகலாம் என்பதுதான் பெரிய விடயம். குடித்துவிட்டு வாகனம் ஓட்டியதை எடுப்போம். முதல் தடவைக்குப் பெரும்பாலும் 1,000 டொலர் அபராதம். ஆனால் 2018 டிசம்பர் 18 முதல் அதற்கான உச்சத் தண்டனை 10 ஆண்டுகள். குடிவரவுச் சட்டம் பார்ப்பது கட்டிய அபராதத்தை அல்ல, அந்த உச்சத்தை. ஆகவே அது 'பாரதூரமான குற்றம்'. 6 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை கிடைத்தால் நாடுகடத்தலுக்கு எதிரான மேன்முறையீடும் இல்லை.

மொன்றியல் தமிழர் மறக்காத தனபாலசிங்கம் வழக்கில் இதைக் கண்டோம். 2012இல் 21 வயது மனைவியின் கொலை தொடர்பாகக் கைதானவர் அவர். விசாரணை ஏறக்குறைய 5 ஆண்டுகள் இழுபட்டதால், உச்ச நீதிமன்றத்தின் 2016 ஜோர்டன் தீர்ப்பின்படி 2017 ஏப்ரலில் வழக்கு நிறுத்தப்பட்டது. கொலைக்கு இவர்தான் பொறுப்பு என்றோ இல்லை என்றோ தீர்ப்பு வரவில்லை. ஆனால் ஜூலையில் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். மனைவியைத் தாக்கிய முந்தைய வழக்குகளின் தீர்ப்புகளே அதற்குப் போதுமாயிருந்தன. கனடியக் குடிமகனாக இருந்திருந்தால் அந்த வழி திறந்திருக்காது. (இறந்த அந்தப் பிள்ளையைப் பற்றி நம் கூட்டங்களில் பேச்சு குறைவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

ஆகவே, "ஒத்துக்கொண்டு அபராதம் கட்டு, அலைச்சல் இல்லை" என்று சொந்தக்காரர் சொல்வதைக் கேட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள். அதற்கு முன் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரையும் கேளுங்கள். நீதிபதி நிபந்தனையற்ற விடுவிப்புத் தந்தால் சட்டப்படி அது குற்றத்தீர்ப்பே அல்ல. அதைக் கேட்கவேண்டிய நேரம் தண்டனை விதிக்கப்படும் முன்தான். பழைய பதிவை விண்ணப்பத்தில் மறைத்து அகப்பட்டால் அதற்குத் தனியாக இன்னும் 5 ஆண்டுத் தடை.